ஸ்டூலுக்கு ஐந்து நட்சத்திரம், கழிவறைக்கு ஒன்று

எங்கள் கடைக்குக் கூகுள் மேப்பில் 4.2 நட்சத்திரம். எழுதியவர்கள் எல்லாம் துணி வாங்க வந்தவர்கள். சுங்குடி நன்றாக இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இல்லை, விலை கொஞ்சம் கூட, இப்படி. ஃபேன் ஓடவில்லை என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. சரி, அவரவர் நின்ற இடத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். கவுன்டருக்கு உள்பக்கம் நிற்கிற, இல்லை, உட்கார்ந்திருக்கிற ஒருத்தி எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதுதான் இது.

கடை மதுரையில் இருக்கிறது. விளக்குத்தூணிலிருந்து நடக்கிற தூரம். பெயர் போடவில்லை. போட்டால் முதலாளி காசு கொடுத்து எழுதச் சொன்னார் என்பீர்கள். பாதிக்கு மேல் படித்தால் அவர் காசு கொடுத்திருக்கவே மாட்டார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், இருந்தாலும் வேண்டாம். மொத்தம் ஏழு பேர் வேலை பார்க்கிறோம். கீழே சுங்குடியும் கைத்தறிக் காட்டனும், மாடியில் பட்டும் ரவிக்கைத் துணியும். நான் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் வேறொரு பெரிய ஊரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் இருந்தேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அங்கே காலை ஒன்பதரைக்கு வரிசையில் நிற்க வேண்டும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும். இறங்கிய பிறகு, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்க முக்கால் மணி நேரம். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். மெஸ் மொட்டை மாடியில் என்பதால் ஏறி இறங்குகிற நேரமும் அதில் அடக்கம். லிஃப்ட் இருந்தது, வாடிக்கையாளர்களுக்கு. கவுன்டரில் கொஞ்சம் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் இன்டர்காமில் கூப்பிடுவார். "என்ன, படுக்க மெத்தை போடவா?" என்பார். ஒன்பது வருடமும் அதே கேள்விதான். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஹாஸ்டலில் ராத்திரி நாங்கள் எட்டுப் பேரும் வரிசையாகப் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வோம். சுவரில் எட்டு ஜோடிக் கால் அளவுக்கு அழுக்குத் தடம் இருக்கும். எனக்கு இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும், ஒரே இடத்தில் நின்றால் தள்ள ஆள் இல்லாமல் ரத்தம் கீழேயே தேங்கும். அப்புறம், "வேலையை மாத்திக்கம்மா" என்றார், மாத்திரையை மாற்றச் சொல்வதுபோல.

2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 1947ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக்கூடாது என்பதுதான் சாரம். இதை முதலில் செய்தது கேரளம், 2018இல். அதுவும் சும்மா வந்துவிடவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண் கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார். முதலில் கழிவறைக்காகத்தான் சண்டை போட்டார்கள். நாற்காலி அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் பழைய கடைக்கும் ஸ்டூல் வந்தது. கவுன்டருக்கு இரண்டு. பிளாஸ்டிக் உறை போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவுன்டருக்கு அடியில் நின்றன. ஆபீசர் யாராவது வருகிறார் என்றால் வெளியே எடுப்போம், போனதும் உள்ளே வைப்போம். நான் வேலையை விட்ட அன்றைக்கும் அந்த உறை கிழியவில்லை. யாரும் உட்காரக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மாதக் கடைசியில் இன்சென்டிவ் லிஸ்ட் வரும்போது, உட்கார்ந்தவள் பெயர் அதில் இருக்காது.

ஆனால் நான் வேலையை விட்டது காலுக்காக இல்லை. காலை எப்படியோ ஓட்டிவிட்டேன்.

அங்கே ஆர்ட் சில்க் புடவைக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: "பட்டுன்னு சொல்லாதே, சில்க்னு சொல்லு." யாராவது "பட்டுதானா?" என்று கேட்டால் "சில்க்தான்மா" என்று சொல்ல வேண்டும். பொய் இல்லை பாருங்கள், லேபிளிலேயே எறும்பு மாதிரி எழுத்தில் ஆர்ட் சில்க் என்று போட்டிருக்கும். ஒரு தை மாதம் கிராமத்து அம்மா ஒருவர் வந்தார். நூறு நாள் வேலைக் காசைச் சேர்த்து மகளுக்கு நிச்சயத்துக்கு எடுக்கிறார். மாம்பழக் கலர், அரக்கு பார்டர். "பட்டுதானா தாயி?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டு தடவையும் "சில்க்தான்மா" என்றேன். பங்குனியில் திரும்பி வந்தார். முந்தியில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. ஓரம் உருகிக் கெட்டியாகி, பாலித்தீன் பையைக் கொளுத்தினால் வருமே, அப்படி. பட்டு கருகும், உருகாது. உருகினால் பாலியஸ்டர். அவருக்கு அது தெரியாது. "என் கைப்பிசகுதான் தாயி, இதே மாதிரி பார்டர் வேற இருக்கா?" என்று கேட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட இன்னும் அங்கேயே இருந்திருப்பேனோ என்னவோ.

அந்த மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு திருமங்கலம் வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் வீட்டில். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அண்ணி கேட்டார். மதுரையில் கடை தேட ஆரம்பித்தேன். இந்தத் தடவை "ஆட்கள் தேவை" போர்டைப் பார்த்து நுழைவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் மாதிரி போவேன். போகிற நேரம் சாயங்காலம் நான்கு மணி. காலையில் எல்லாரும் புதுசாக இருப்பார்கள், ஆறு மணிக்கு மேல் கூட்டம், ஒன்றும் தெரியாது. நான்கு மணிக்குத்தான் கடையின் நிஜ முகம். விற்பனைப் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன், முகம் சிரிக்கப் பழகியிருக்கும். பாதத்தைப் பார்ப்பேன். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றால் ஸ்டூல் எங்கே என்று தேடுவேன்.

முதல் கடையில் நல்ல ஸ்டூல், குஷன் வைத்தது. ஒரு பெண் உட்காரப் போனாள். உட்காரும் முன் தலையைத் தூக்கி மூலையில் இருந்த கேமராவை ஒரு தடவை பார்த்தாள். நான் ஒரு கர்ச்சீப் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்னொரு கடையில் முதலாளி நல்ல மாதிரி, தண்ணீர் கொடுத்தார், சம்பளமும் பழைய கடையைவிட ஐந்நூறு கூடச் சொன்னார். பிறகு "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்? நீங்க என்ன ஆளுக?" என்றார், அதே சிரித்த முகத்தோடு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். படி இறங்குவதற்குள் யோசித்தாகிவிட்டது.

மூன்றாவதாகத்தான் இந்தக் கடை. செவ்வாய்க்கிழமை, நான்கு மணி, ஐப்பசி மழை. உள்ளே வயதான அக்கா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "பார்த்துக்கிட்டு இருங்க, டீயைக் குடிச்சிட்டு வர்றேன்" என்றார். வாடிக்கையாளராக எனக்கு ஒரு விநாடி சுருக்கென்று இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் எங்கிருந்து வந்தேனோ அந்தக் கடையில் இதே வாக்கியத்துக்கு அன்று சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள்.

வெளியே வந்து எதிர் டீக்கடையில் மாஸ்டரிடம் விசாரித்தேன். இதை எல்லாருக்கும் சொல்கிறேன்: ஒரு கடையைப் பற்றி அந்தக் கடைக்கு டீ கொடுப்பவரைவிட வேறு யாருக்கும் தெரியாது. ஆள் அடிக்கடி மாறுவார்களா என்று கேட்டேன். "ஆறேழு வருசமா ஒரே கணக்குதான் தங்கச்சி. ரெண்டு சீனி இல்லாம, ஒண்ணு ஸ்ட்ராங், ஒண்ணு பால் மட்டும்" என்றார். ஆள் மாறியிருந்தால் டீயும் மாறியிருக்கும் இல்லையா? மறுநாள் போய் வேலை கேட்டேன்.

முதலாளி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்: மடிக்கத் தெரியுமா, பில் போடத் தெரியுமா. நான் அவரிடம் நான்கு கேட்டேன். வார லீவு உண்டா, அது எழுதி வைக்கப்படுமா, பில்லில் தப்பு வந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பீர்கள், நான்காவதாக, "அச்சு சுங்குடியைக் கைமுடிச்சுன்னு சொல்லி விக்கச் சொல்வீங்களா அண்ணே?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேலை கேட்டு வந்தியா, எனக்கு இன்டர்வியூ வைக்க வந்தியா?" என்றார். கோபமாகத்தான். வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனால் மனிதர் எழுந்துபோய் இரண்டு புடவையை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

"எது எது, சொல்லு."

ஒன்றில் புள்ளிகள் எல்லாம் கட்டம் போட்ட மாதிரி ஒரே அளவு, ஒரே வட்டம். இன்னொன்றில் ஒரு புள்ளி கடுகு, பக்கத்துப் புள்ளி மிளகு. தடவினால் விரலில் தட்டியது. முதலாவது அச்சு, இது கைமுடிச்சு. நூலால் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழுகிறது. முடிச்சை அவிழ்த்த பிறகும் துணி கொஞ்சம் சுருங்கி மேடாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அப்படி. அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். பாட்டி காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட குடும்பம். "இதையும் அதையும் ஒண்ணுன்னு நான் சொன்னா, எங்க பாட்டி கனவுல வந்து செவுள்லயே விடும்" என்றார். வேலை கிடைத்தது.

சம்பளம் பழைய கடையைவிட 2,500 குறைவு. இதற்கு இரண்டு நட்சத்திரம்தான். சாப்பாடும் தங்குமிடமும் அங்கே இலவசம், இங்கே இல்லை, அதனால் உண்மையான வித்தியாசம் இன்னும் கூட. பஸ் இலவசம் என்பதால் தப்பித்தேன். ஏழு பேர்தான் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது. இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.புக்கு இருபது பேர் வேண்டும். அந்த ஐந்து மாடிக் கடையில் இரண்டும் இருந்தன, ஒழுங்காகப் பிடித்துக் கட்டினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நரம்பைக் காட்ட அந்தச் சலுகை இருந்தும், லீவு கிடைக்காமல் ஒருநாள்கூட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு ஓடினேன் என்பது வேறு கதை.

வார லீவு உண்டு, முறை வைத்து. மாடிப்படிக்கு அடியில் காலண்டரில் பெயர் எழுதியிருக்கும். சித்திரைத் திருவிழா சமயத்திலும் தீபாவளி மாதத்திலும் அந்தக் காலண்டருக்கு மரியாதை கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் முழுக்க வேலை. அதற்கு இரட்டைச் சம்பளம் தருகிறார், ஆனால் கேட்டால்தான் தருகிறார். போனஸ் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கையில் வரும். எங்கள் கடையில் வேலை செய்கிறவர்கள் யாரும் தீபாவளிக்கு எங்கள் கடையிலேயே துணி எடுக்க முடியாது, அதற்குள் நல்லதெல்லாம் போயிருக்கும்.

கோபத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று தெரியவில்லை. சென்ற வருடம் சென்னையிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தது. தாம்பூலத்தோடு கொடுக்க 60 சுங்குடி. அச்சுப் புடவைதான், விலையும் ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொன்றிலும் 'கைமுடிச்சு' என்று சின்ன அட்டை கட்டித் தர வேண்டும், அட்டையை அவர்களே அச்சடித்துத் தருவார்களாம். முதலாளி மாட்டேன் என்றார். "நாங்கதானே சார் கொடுக்கறோம், உங்களுக்கென்ன?" என்றார்கள். "கீழ என் கடைப் பேர் இருக்குல்ல?" என்றார். போய்விட்டார்கள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாம்பழக் கலர் புடவை ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கும்பிடலாம் போல இருந்தது. அதற்குள் மனிதர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். 60 புடவை வியாபாரம் போன கடுப்பு. அன்று ராத்திரி வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் திட்டு. நூல்கண்டை யார் இங்கே வைத்தது, பில் புத்தகத்தை யார் மடித்தது. எட்டு மணிக்கு அவர் வீட்டு அக்கா வந்து, "ஆர்டரை விட்டது நீங்க, அதுங்க என்ன செஞ்சுச்சு?" என்று கேட்ட பிறகுதான் அடங்கினார். மறுநாள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். இந்த மனிதரோடு வேலை செய்ய முடியாது என்று சொல்லி ஒரு பையன் அந்த மாதமே நின்றுவிட்டான். அவன் சொன்னதும் சரிதான். எனக்குத் திட்டு உறைக்காது, பொய்தான் உறைக்கும். அவனுக்கு அது மாறி இருந்தது.

இப்போது கழிவறை. கடைக்குள் இல்லை. பக்கத்துக் காம்ப்ளக்ஸில் முதல் மாடி, பொதுக் கழிவறை. சாவி எங்கள் கல்லாவில் தொங்கும். தொலைந்துவிடாமல் இருக்க அதில் பூரிக்கட்டை அளவுக்கு ஒரு மரத்துண்டைக் கட்டியிருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் நாம் எங்கே போகிறோம் என்று விளக்குத்தூண் வரைக்கும் தெரியும். அதனாலேயே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம். கோழிக்கோட்டுப் பெண்கள் ஏன் நாற்காலிக்கு முன்னால் கழிவறைக்குச் சண்டை போட்டார்கள் என்று எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது. மாடிப்படிக்குப் பின்னால் ஒன்று கட்டலாம், இடம் இருக்கிறது, ஸ்டாக் மூட்டையை நகர்த்த வேண்டும். மூன்று தடவை சொல்லிவிட்டோம். "ஆடி கழியட்டும்" என்றார். எந்த ஆடி என்று சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம், அதுவும் அந்தக் காம்ப்ளக்ஸில் தண்ணீர் வருவதற்காக.

ஸ்டூலைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. மர ஸ்டூல், நான்கு கால், உட்காருகிற இடம் தேய்ந்து பளபளவென்று குழிந்திருக்கும். கவுன்டர் உயரத்துக்குச் சரியாக ஆசாரியிடம் சொல்லிச் செய்தது; உட்கார்ந்தபடியே பத்துப் புடவை பிரித்துக் காட்டலாம், எழுந்து முந்தியை விரிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் எழுந்தால் போதும். சட்டம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே செய்ததாம். முதலாளியின் அப்பாவுக்கு முட்டிவலி, தனக்கு ஒன்று செய்யப்போய் மரம் மிச்சமிருக்கிறதென்று எல்லாருக்கும் செய்துவிட்டார். காரணம் அவ்வளவுதான். எந்தக் கொள்கையும் இல்லை. இருந்தாலும் ஐந்து நட்சத்திரம்.

ஆவணியில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வேறொரு பெரிய கடையில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவள், பெயர் வேண்டாம். முதல் வாரம் முழுக்க நின்றுகொண்டேதான் இருந்தாள். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்த அதே அக்கா அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். ஸ்டூலின் நுனியில், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்தால் இவளும் எழுந்துவிடுவாள். அவர் ஒருநாள் கடுப்பாகி, "நான் தண்ணி குடிக்க எந்திரிச்சேன், நீ எதுக்கும்மா எந்திரிக்கிற?" என்று கத்தினார். அதற்கும் எழுந்து நின்றாள்.

நேற்றுக்கூட அப்படித்தான். டீ மாஸ்டரின் கணக்கில் மட்டும் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: அரை டம்ளர், இஞ்சி தூக்கலாக.